ஏழாம் பிளாக்கில் தணிக்கை

அந்தப் பச்சை முத்திரையைப் பார்த்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில், டிஷ்யூ டப்பாவின் ஓரத்தில், சின்னதாக ஓர் இலையைப் போட்டு அச்சடித்திருப்பார்கள். இதற்கான மரம் காட்டை அழிக்காமல், அங்கே இருக்கிற ஜனங்களை வதைக்காமல் வெட்டப்பட்டது என்று அதற்கு அர்த்தமாம். அர்த்தமாம்! அதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். கூடவே நின்று வாயையும் கொடுத்தவள்.

என் பெயர் பௌசியா. கள்ளக்குறிச்சி கடைவீதியில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கும் காஜா பாயின் மூத்த மகள். ஆங்கில எம்.ஏ. முடித்து இரண்டு வருஷம் ஒரு பள்ளியில் பாடம் நடத்தினேன். ஹெட்மிஸ்ட்ரஸோடு ஒத்துப்போகவில்லை, வந்துவிட்டேன். என் வாய் அப்படி. அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பு வேலை. வடக்கேயிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது, நம் ஜனங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான் நிற்க வேண்டும்.

கல்வராயன் மலையில் மேலாத்துக்குழி என்று ஓர் ஊர். நாற்பது வீடு. அந்த ஊரைச் சுற்றித் தைலமரத் தோப்பு வைத்திருக்கிறது ஒரு கம்பெனி. பெயரைச் சொல்லமாட்டேன், கேஸ் போடுவார்கள். மலையை ஜாகீர்தார்கள் ஆண்ட காலத்துப் பத்திரம் ஒன்று கை மாறிக் கை மாறி அவர்களிடம் வந்திருக்கிறது. பச்சை முத்திரை கிடைத்தால் அவர்கள் மரத்தை வெளிநாட்டுக் காகித ஆலை வாங்கிக்கொள்ளும். அதற்குத் தணிக்கை நடக்க வேண்டும். தணிக்கை செய்கிற நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது யார் என்று கேளுங்கள். தணிக்கைக்கு ஆளாகிற கம்பெனிதான்! பரீட்சை எழுதுகிறவனே வாத்தியாரை அமர்த்திக்கொள்கிற ஏற்பாடு. இது தெரிந்தே நான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தணிக்கைக்கு முதல் நாளே என்னை வரச் சொல்லியிருந்தார்கள். கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறி, அங்கிருந்து கம்பெனி ஜீப்பில் போய் இறங்கும்போது பத்து மணி. தோப்பு ஷெட்டுக்கு முன்னால் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒத்திகைதான், வேறு பெயர் அதற்குக் கிடையாது. முப்பத்தாறு கூலியாட்கள், பாதிக்கு மேல் பெண்கள். எல்லோர் தலையிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மஞ்சள் ஹெல்மெட். காலில் புது பூட்ஸ். எல்லாம் ஒன்பதாம் நம்பர், ஒரே லாட்டில் வாங்கியது. பெண்கள் பழைய புடவைத் துணியை உள்ளே திணித்துக்கொண்டு தொப்பு தொப்பென்று நடந்தார்கள்.

கம்பெனியின் சான்றிதழ் அதிகாரி தெய்வசிகாமணி, தியாகதுருகத்துக்காரர், முன்னால் நின்று கேட்டார்.

"நாளைக்கு சார் வந்து, தெனமும் இத போட்டுக்கினுதான் வேல செய்றீங்களான்னு கேப்பாரு. இன்னா சொல்லணும்?"

"ஆமாங்க, போடாம உள்ள வுடமாட்டாங்க!" என்று எல்லோரும் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு போல ஒப்பித்தார்கள்.

"மருந்துப் பொட்டி எங்க இருக்குது?"

"ஷெட்டுல!"

மருந்துப் பெட்டி ஷெட்டில்தான் இருந்தது. பூட்டியிருந்தது. சாவி அவர் பேன்ட் பாக்கெட்டில். இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை.

மத்தியானம் சோற்றுக்கு விட்டபோது ஓர் அம்மாள் என் முழங்கையைப் பிடித்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் குஞ்சம்மாள். வெட்டிப் போட்ட தைலமரத்துக்குப் பட்டை உரிப்பவர், கை இரண்டும் காய்த்துப்போயிருந்தன.

"நீதான அந்த ஆபீசருக்கு எங்க பேச்ச சொல்லப் போற பாய் வூட்டுப் பொண்ணு? வா, ஒண்ணு காட்றேன்" என்றார்.

பூட்ஸைக் கழற்றி ஷெட்டிலேயே போட்டுவிட்டு விடுவிடுவென்று மேலே ஏறினார். எனக்கு மூச்சு வாங்கியது. தைலமரம் முடிந்து ஒரு பாறைச் சரிவு வந்தது. அதன் மடியில் நீர்மருதும் அத்தியும் நாவலும் அடர்ந்து நின்றன. நடுவில் ஓர் ஊற்று. குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன், பல் கூசியது.

"ஊரு மொத்தமும் இந்தத் தண்ணிதான். போரு போட்டாங்க, மூணு எடத்துல. பாறை. டேங்க் ஒண்ணு கட்னாங்க, அதுல காக்கா கூட உக்கார்றதில்ல." சொல்லிக்கொண்டே மரங்களைக் காட்டினார். ஒவ்வொன்றின் இடுப்பிலும் சிவப்புப் பெயின்ட் வளையம். "அடுத்த மாசம் இத வெட்றாங்களாம். மரம் போச்சுன்னா ஊத்து வத்திப்பூடும். அப்புறம் நாங்க எங்க போறது? சொல்லு."

"கம்பெனிகிட்ட சொல்லலையாம்மா?"

"சொல்லாமயா? வெறும் பொதருன்னு காயிதத்துல எழுதி இருக்குதாம். நாளைக்கு வர்றவரு பெரிய ஆபீசராமே, அவரு வேணாம்னா கம்பெனி வெட்டக் கூடாதாமே. நீ அவரு கைல சொல்லு."

"சொல்றேம்மா. ஒரு வார்த்தை விடாம சொல்றேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மறுநாள் தணிக்கை அதிகாரி சக்சேனா வந்தார். குறைசொல்ல ஒன்றுமில்லாத மனுஷர். மெதுவான பேச்சு, எல்லோருக்கும் வணக்கம், நெஞ்சில் கை வைத்து. முதலில் மக்கள் கருத்துக் கேட்பு. காலை பத்தரைக்கு ஷெட்டில் பிரியாணி. ஆமாம், பத்தரைக்கு! தட்டை வாங்குகிறவர்கள் ஒரு தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அந்தத் தாளின் தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது: தோப்பின் நிர்வாகத் திட்டம் எனக்கு விளக்கப்பட்டது, எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் அதைப் படித்துவிட்டு தெய்வசிகாமணியைப் பார்த்தேன். அவர் எனக்கும் ஒரு தட்டை நீட்டினார். வேண்டாம் என்றேன். "பாய் கடை பிரியாணிதான் மேடம், ஹலால்தான்" என்றார். அட, மூஞ்சியைப் பாரு.

கைநாட்டுத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த ஜனங்களுக்குத் தெரியாது என்று சக்சேனாவிடம் சொன்னேன். "குறித்துக்கொள்கிறேன்" என்றார். குறித்தும் கொண்டார். நான் பார்த்தேன்.

பிறகு தோப்புக்குள் போனோம். ஏழாம் பிளாக்கில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. கூலியாட்களை முன்கூட்டியே அனுப்பி, தயாராக நிறுத்தி வைத்திருந்தார் தெய்வசிகாமணி. இதுதான் அவருடைய நாடகத்தின் முக்கியக் காட்சி. நாங்கள் மேடேறி வந்தோம். வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டோம்.

பிளாக்கின் எல்லையில், வெளிப் பக்கமாக, முப்பத்தாறு ஜோடி பூட்ஸ் வரிசையாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. கோயில் வாசலில் கூட அவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததில்லை. உள்ளே, மஞ்சள் ஹெல்மெட்டும் கையுறையும் பளபளக்கும் சட்டையும் போட்டுக்கொண்டு, அத்தனை பேரும் வெறுங்காலோடு மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

தெய்வசிகாமணிக்கு வியர்த்துவிட்டது. புழுக்கம், கால் வேர்க்கிறது, இப்போதுதான் கழற்றினார்கள் என்று ஆங்கிலத்தில் அளந்தார். சக்சேனா அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம், "அவர்களிடமே கேளுங்கள்" என்றார்.

நான் குஞ்சம்மாளிடம் கேட்டேன்.

"இது சோலைக்காரி எடம். இங்க யாரு செருப்போட கால் வைப்பா? தொப்பி போடச் சொன்னாங்க, போட்டுக்கினோம். கைக்கு ஒற மாட்டச் சொன்னாங்க, மாட்டிக்கினோம். கால்ல போட்டுக்கினு உள்ள வர முடியுமா?"

"கோயில் எங்கே இருக்கிறது?" என்றார் சக்சேனா.

"கோயிலா? சோலைதான் கோயிலு. அத வெட்டிட்டுத்தான இந்தத் தைலமரத்த வெச்சாங்க."

"அப்போ இப்ப எதுக்கும்மா செருப்பைக் கழட்டறீங்க?" இது நானாகக் கேட்டது.

குஞ்சம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மரம் போனா அவ பூடுவாளா? மண்ணு இங்கதான இருக்குது."

நான் சொல்லிக்கொண்டே வந்தேன், ஒரு வார்த்தை விடவில்லை. சக்சேனா வரிசைகளுக்கு நடுவே இறங்கினார். சருகைக் காலால் தள்ளினார். அடியில் ஓர் அடிக்கட்டை, நான் இரண்டு கையையும் விரித்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அகலம். அப்பால் இன்னொன்று. அப்படிப் பதினேழு எண்ணினோம். டேப் வைத்து அளந்தார், படம் எடுத்தார்.

"எப்போது வெட்டினார்கள்?"

"கொரோனாவுக்கு மறு வருஷம்" என்றார் குஞ்சம்மாள். "எங்க ஆளுங்கள வெட்டக் கூப்டாங்க, யாரும் போவல. கீழேர்ந்து மிஷின் கொண்டாந்தாங்க."

கம்பெனிக் காகிதத்தில் முப்பது வருஷமாக அது தைலமரத் தோப்பு. இந்தச் சான்றிதழின் விதியில் ஒரு வருஷத்தைக் குறித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு இயற்கைக் காட்டை வெட்டித் தோப்பு போட்டிருந்தால் முத்திரை கிடையாது. கொரோனாவுக்கு மறு வருஷம் அதற்கு ரொம்பப் பிந்தியது. சக்சேனா என்னைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. மாட்டினாயா மகனே!

ஊற்றுக்கும் அவரைக் கூட்டிப்போனோம். சிவப்பு வளையங்களைப் பார்த்தார். அங்கே யார் யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதினார். தன் கையாலேயே அள்ளிக் குடித்தார், பாட்டில் தண்ணீரைத் தவிர வேறு தொடாத மனுஷர். கீழே இறங்கும்போது குஞ்சம்மாள் என் கையை விடவே இல்லை. "சொல்லிட்ட இல்ல? எல்லாத்தையும் சொல்லிட்ட இல்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "எல்லாம் சொல்லிட்டேம்மா, அவரும் எழுதிக்கிட்டார்" என்றேன்.

சாயந்திரம் முடிவுக் கூட்டம். கம்பெனி மேனேஜர், தெய்வசிகாமணி, சக்சேனா, மூவருக்கும் ஆங்கிலம் தெரியும், நான் தேவையில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம். கதவு திறந்தபோது உள்ளேயிருந்து முந்திரி பக்கோடா வாசனை வந்தது. சக்சேனா என்னிடம் வந்து, இன்றைக்குப் பார்த்தது மனத்தைத் தொட்டது என்று சொல்லி, நெஞ்சில் கை வைத்து வணங்கிவிட்டுக் காரில் ஏறினார்.

ஏழு வாரம் கழித்து அறிக்கை இணையத்தில் வந்தது. அத்தாவின் கடையில் உட்கார்ந்து போனிலேயே படித்தேன். நாற்பத்திரண்டு பக்கம். மக்கள் கருத்துக் கேட்பு திருப்திகரம், எண்பத்து நான்கு கையெழுத்து. காட்டை அழித்ததாகச் சொல்லப்பட்டது வாய்மொழித் தகவல், ஆவணங்கள் அதை உறுதிசெய்யவில்லை. அப்படியானால் நீ டேப் வைத்து அளந்தது எதை? மொத்தத் தணிக்கையிலும் கண்டுபிடிக்கப்பட்ட குறை ஒன்றே ஒன்று. முப்பத்தாறு தொழிலாளர்கள் பாதுகாப்புக் காலணி அணியவில்லை. சிறு குறை. பயிற்சி தரப்பட்டுவிட்டது, தீர்ந்தது. கீழே படம். பூட்ஸ் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். குஞ்சம்மாள் அதில் இல்லை.

கடைசியில் வரைபடம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழாம் பிளாக்கும் ஊற்றும் சேர்ந்து பதினோரு ஏக்கர், கேக்கில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததுபோல, கோட்டுக்கு வெளியே போயிருந்தது. நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி சான்றிதழ் எல்லையிலிருந்து நீக்கப்பட்டது என்று ஒரு வரி. மற்றதெல்லாம் பச்சை. முத்திரை கொடுத்தாயிற்று. பிளாக்கே எல்லையில் இல்லையாம், அதன் ஓரத்தில் கழற்றி வைத்த பூட்ஸ் மட்டும் எல்லைக்குள் இருக்கிறதாம்! த்தூ. பின்னிணைப்பில் என் பெயரும் இருந்தது. உள்ளூர்ப் பெண் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலம் மக்களின் குரல் சுதந்திரமாகக் கேட்கப்பட்டது.

தெய்வசிகாமணிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை.

"மேடம், உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. நல்லதுதான் பண்ணீங்க. அந்த எடம் உள்ள இருந்தா ஆயிரம் ரூல்ஸ். அதான் வெளிய எடுத்துட்டோமே, இனிமே அதுக்கு எந்த ரூலும் கெடையாது. எங்களுக்கு ராசியான ஆளு மேடம் நீங்க."

சீ! போனைத் தரையில் அடிக்கப்போனேன். அத்தா பிடித்துக்கொண்டார்.

முத்திரைக்காரர்களின் தளத்தில் புகார் கொடுக்க ஒரு பக்கம் இருந்தது. முழுக்க ஆங்கிலம். விடிய எழுந்து எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. விதிமுறைப்படி புகார் முதலில் தணிக்கை செய்த நிறுவனத்துக்கே அனுப்பப்படும், உங்கள் புகாரைத் திரு. சக்சேனா பரிசீலிப்பார்.

அன்றைக்கே அறிக்கையைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் மலைக்குப் போனேன். வழியில் எதிரே இரண்டு லாரி வந்தது. தைலமரம் என்றால் வெள்ளையாக, ஒல்லியாக இருக்கும். இது கறுத்துத் தடித்த மரம். ஒன்றில் சிவப்பு வளையம் பாதி தெரிந்தது. டிரைவர் எனக்கு வழிவிட்டு மரியாதையாக ஒதுங்கினான்.

ஊரில் வேலை நேரத்திலும் ஆட்கள் இருந்தார்கள். பூட்ஸ் போட மறுத்தவர்களுக்கு வேலை இல்லை என்று நிறுத்திவிட்டார்களாம். புளியமரத்தடியில் இருபது பேர் கூடினார்கள். குஞ்சம்மாள் ஒரு காலிக் குடத்தோடு வந்து உட்கார்ந்தார். ஊற்றில் நாலு நாளாகத் தண்ணீர் சேறாக வருகிறது, கீழே ஓடைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

நான் அறிக்கையை ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். முடித்ததும் குஞ்சம்மாளின் கொழுந்தனார் இருசப்பன் கேட்டார்.

"அந்த ஆளு கண்ணால பார்த்தாரு. அடிக்கட்டைய அளந்தாரு. எங்க ஊத்துத் தண்ணிய குடிச்சாரு. குடிச்சிட்டு எவனாவது இப்டி எழுதுவானா?"

"எழுதியிருக்காரே அண்ணா."

"அப்டின்னா அன்னிக்கி நீ அவரு கைல இன்னா சொன்ன?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது காது சூடானது.

"நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட மாத்தலை."

"அது எங்களுக்கு இன்னா தெரியும்? நீ எங்ககிட்ட ஒண்ணு சொல்ற, அவருகிட்ட இன்னொண்ணு சொல்ற. கம்பெனி ஜீப்புலதான வந்து எறங்கின? இந்தக் காயிதத்துல இருக்கறதும் நீ சொல்றதுதான். இதையும் எப்டி நம்பறது?"

கூட்டத்தில் யாரோ ஆமாம் என்றார்கள். ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. இரண்டு பக்கத்துப் பேச்சும் என் ஒரு வாய் வழியாகத்தான் போய் வந்தது. நான் குஞ்சம்மாளைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இப்பவே அவர்கிட்டப் பேசறேன். உங்க முன்னாடியே. எல்லாரும் கேளுங்க" என்றேன்.

சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார் சக்சேனா. நான் மேலாத்துக்குழியில் ஊர்க்காரர்களோடு நிற்கிறேன், ஊற்று மரங்களை வெட்டுகிறார்கள், குஞ்சம்மாள் உங்களுக்குக் காட்டிய இடத்தை எப்படி நீக்கினீர்கள் என்று கேட்டேன். அவர் அதே மெதுவான குரலில், சிரித்துக்கொண்டே, சுருக்கமாகப் பேசினார். வணக்கம் சொன்னார். அந்த ஒரு வார்த்தை மட்டும் தமிழில். கூட்டத்தில் அத்தனை பேருக்கும் அந்தச் சிரிப்பும் அந்த வணக்கமும் கேட்டன. லைன் துண்டிக்கப்பட்டது.

"இன்னா சொன்னாரு?" என்றார் குஞ்சம்மாள்.

அவர் ஊற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புகார் வந்திருக்கிறது, பார்க்கிறேன் என்றார். பிறகு, இத்தனை வருஷத்தில் உங்களைப் போல ஒரு மொழிபெயர்ப்பாளர் எனக்கு அமைந்ததில்லை, உங்கள் வேலையில் எங்கள் நிறுவனத்துக்கு ரொம்பத் திருப்தி, அடுத்த தணிக்கைக்கும் உங்களையே கேட்டிருக்கிறேன் என்றார். அவ்வளவுதான்.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். திட்டினார் என்று சொல்லியிருக்கலாம். அங்கே இருந்த ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

குஞ்சம்மாள் கேட்டுவிட்டு எழுந்தார். "திருப்தியாத்தான் இருக்கும்" என்றார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போனார்.